மழைத்தண்ணீர் சித்திரை வரை நாறாமல் இருக்க: கொங்குப் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பொங்கல் முடிந்த வாரம். கத்தரிச் செடிக்கு ஊற்றலாம் என்று மழைத்தண்ணீர்த் தொட்டியின் குழாயைத் திறந்தேன். கூமுட்டையை உடைத்த மாதிரி ஒரு நாற்றம். ஐப்பசியில் பிடித்து வைத்த ஆயிரம் லிட்டர். ஏணி போட்டு ஏறி மூடியைத் திறந்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கிறது. மேல் தண்ணீரைச் சொம்பில் மொண்டு மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. அப்புறம் ஒரு மூங்கில் குச்சியை அடி வரைக்கும் விட்டுத் துழாவி எடுத்தேன். நுனியில் நாலு விரல் உயரத்துக்குக் கரிய சேறு. விரலில் வழித்துத் தேய்த்தால் வேப்பிலை நரம்பு, மாவாக நைந்த மண், மயில் இறகில் ஒரு துணுக்கு.

மழைத்தண்ணீர் தானாகக் கெட்டுப் போவதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கூரையிலிருந்து கூடவே இறங்கி வருவது அடியில் படிந்து அழுகுகிறது. அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடுகிறது. காற்று தீர்ந்துபோன சேற்றில் வாழும் ஒருவகை பாக்டீரியா, அங்குள்ள கந்தகத்தை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகிறது. கூமுட்டை வாடை அதுதான். அதனால் தொட்டிக்கு மருந்து தேடுவதற்கு முன்னால் மாடிக்குச் சீமாறு தேடுங்கள். நானும் அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

இந்த நாற்றத் தொல்லை நம் பக்கம் கொஞ்சம் அதிகம். அதற்குக் காரணம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, நமக்குக் காற்றை மட்டும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அனுப்புகிறது. கோவையிலேயே வருடத்துக்கு ஏறக்குறைய 600, 700 மி.மீ. மழைதான். காங்கேயம், தாராபுரம் பக்கம் போனால் அதுவும் குறையும். பெய்வதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். அதன் பிறகு சித்திரையில் கோடை மழை வரும் வரை தொட்டியில் புதுத் தண்ணீர் சேராது. பிடித்த தண்ணீர் மூன்று நான்கு மாதம் அசையாமல் நிற்க வேண்டும், அதுவும் வெயில் ஏறிக்கொண்டே போகிற மாதங்களில். வெப்பம் ஏற ஏறத் தண்ணீர் ஆக்சிஜனைப் பிடித்து வைப்பதும் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரைந்திருந்தால் 35 டிகிரியில் 7தான் நிற்கும்.

இன்னொன்று. நம் ஊரில் தோட்டம் என்றால் கிணறும் வாய்க்காலும் உள்ள பாசன பூமி என்றுதான் அர்த்தம். நான் பேசுவது அதைப் பற்றி அல்ல. வீட்டைச் சுற்றியுள்ள பத்து இருபது செடி, மாடியில் வைத்த பைகள், தொட்டிகள், நாற்று ஆகியவற்றைப் பற்றி. ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரில் ரோஜா இலை கருகுவதைப் பார்த்தவர்களுக்கு மழைத்தண்ணீரின் அருமை சொல்லாமலே தெரியும்.

முதலில் மோந்து பாருங்கள்

ஏற்கெனவே தொட்டியில் நாற்றம் இருந்தால், எதையும் ஊற்றுவதற்கு முன் இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மேல் தண்ணீர், இன்னொன்றில் அடிக்குழாய்த் (தொட்டியின் அடியில் உள்ள குழாய்) தண்ணீர். இரண்டையும் தனித்தனியாக மோந்து பாருங்கள்.

அடித்தண்ணீரில் மட்டும் கூமுட்டை வாடை என்றால் வண்டல்தான் காரணம். அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பாதி ஊற்றி நன்றாகக் குலுக்கி, மூடியைத் திறந்து அரை மணி நேரம் வையுங்கள். வாடை போய்விட்டால் அது வெறும் வாயு, தண்ணீரைக் காப்பாற்றிவிடலாம். குலுக்கியும் போகாமல் பிண வாடையாக நின்றால் உள்ளே பல்லியோ அணிலோ எலியோ கிடக்கிறது. டார்ச் அடித்துத் தேடி எடுத்தே ஆக வேண்டும்.

புதுமண் வாடை வந்தால் பயப்பட வேண்டாம். மழை விழுந்ததும் மண்ணிலிருந்து எழும் அதே வாசனைதான். ஜியோஸ்மின் என்ற பொருள். மண்ணிலும் பாசியிலும் உள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. செடிக்கு ஒரு கெடுதலும் இல்லை. பச்சைப் புல் வாடை, மீன் கவிச்சி என்றால் பாசி பிடித்திருக்கிறது, எங்கிருந்தோ வெளிச்சம் உள்ளே போகிறது. தரைத்தொட்டியில் சாக்கடை வாடை வந்தால் விஷயம் வேறு. நிரம்பி வழியும் குழாயைச் சாக்கடையில் செருகி வைத்திருப்பார்கள், அல்லது பக்கத்து செப்டிக் டேங்க் கசியும். அதைச் சரி செய்யாமல் எந்த மருந்து போட்டாலும் வீண். அதுவரை அந்தத் தண்ணீரைக் காய்கறிக்குத் தொடவே கூடாது.

மாடியில் என்ன விழுகிறது?

கூரையில் விழும் குப்பை ஊருக்கு ஊர் மாறும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் ஆலைகளைச் சுற்றியுள்ள வீடுகளின் மாடியில் நார்த்தூள் படியும். அது ஊறினால் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்துக்கு வந்துவிடும். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் தெருக்களில் பஞ்சுத் துகள்; இது வடிகட்டியில் போர்வை மாதிரி ஒட்டிக்கொள்ளும். நாமக்கல்லில் கோழிப்பண்ணைக்குப் பக்கத்து வீடு என்றால் இறகும் எருத்தூசியும். ஈரோடு, கொடுமுடிப் பக்கம் மாசி, பங்குனியில் மஞ்சள் மெருகேற்றும் தூசி. உங்கள் மாடியை வெள்ளைத் துணியால் ஒரு முறை துடைத்துப் பார்த்தால் உங்கள் தொட்டிக்குள் என்ன போகிறது என்பது தெரிந்துவிடும்.

இவற்றோடு எல்லா ஊருக்கும் பொதுவாக இப்போது மயில். முருகன் வாகனம் என்று விரட்டாமல் விடுகிறோம். அது தண்ணீர்த் தொட்டி மேலேயே ஏறி நின்று தன் வேலையை முடித்துவிட்டுப் போகிறது. புறாவும் சளைத்ததில்லை. பறவை எச்சத்தில் அழுகும் சத்து நிறைய, கந்தகமும் உண்டு. அழுகினால் நாற்றத்துக்கு அதுதான் மூலதனம். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகளும் அதில் வரும். அதனால்தான் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். கீரைக்கு ஊற்றினால் இலை மேல் தெளிக்காமல் வேரில் ஊற்றுங்கள்.

வேலையை எப்போது தொடங்குவது? ஆடிக்காற்று இலை, தழை, புழுதி எல்லாவற்றையும் மாடி மூலையில் கொண்டுவந்து குவித்துவிட்டுத்தான் அடங்கும். அதற்கு முன் கூட்டுவது வீண் வேலை. ஆவணி கடைசியிலோ புரட்டாசி தொடக்கத்திலோ ஒரு நாள் ஒதுக்குங்கள். காய்ந்த குப்பையைக் கூட்டி அள்ளுங்கள், கழுவி இறக்காதீர்கள். மாடிக்குழாய் வாய்களில் கையை விட்டு இலைச் சுருணையை எடுங்கள். பிறகு தொட்டிக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட்டு நாலு குடம் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். ஓட்டு வீடாக இருந்தால் தகரக் காலில் (கூரை ஓரத்துத் தகர வாய்க்கால்) பள்ளம் விழுந்து தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். அங்கே தேங்கும் அரை லிட்டர்தான் அடுத்த மழைத்தண்ணீரைக் கெடுக்கும் உறைமோர். கல்நார் ஷீட் கூரையை மட்டும் காய்ந்த நிலையில் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். அதன் நார்த்தூசி நுரையீரலுக்கு ஆகாது. மேலே சாய்ந்திருக்கும் வேப்பங்கிளையை வெட்ட மனசு வராதுதான். கூரைக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டுமாவது கழியுங்கள்.

முதல் தண்ணீரை விட்டுவிடுங்கள்

என் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் மழை பிடித்ததும் அண்டா வைக்க நாங்கள் ஓடுவோம். "கூரை கழுவட்டும் சாமி, அப்புறம் வை" என்பார். தாழ்வாரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மழையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஓட்டிலிருந்து விழும் தண்ணீர் செம்பழுப்பிலிருந்து வெளுத்த பிறகுதான் அண்டா வெளியே போகும். அந்த வேலையைத்தான் இன்றைக்குக் குழாயும் டிரம்மும் வைத்துச் செய்கிறோம்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்றால் 93 சதுர மீட்டர். முதல் 1 மி.மீ. மழையை விட்டுவிடுவது என்றால் 90, 100 லிட்டர் வரை வெளியே போக வேண்டும். புறாவும் மயிலும் அதிகம் வரும் மாடிக்கு இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

"நூறு லிட்டரா, இந்தப் பஞ்சத்திலா?" என்று நெஞ்சு பதறும். ஆனால் அதே மாடியில் 13, 14 மி.மீ. பெய்தால் ஆயிரம் லிட்டர்த் தொட்டி நிரம்பிவிடும். ஐப்பசியில் ஒரு சாயங்கால மழைக்கே அது வந்துவிடும். வருடம் முழுவதும் அந்த மாடி தருவது ஏறக்குறைய 45 ஆயிரம் லிட்டர். நாம் பிடிப்பதே அதில் துளிதான். அழுக்கு நூறு லிட்டருக்கு ஏன் அழ வேண்டும்? அதையும் வாழைக்கோ தென்னைக்கோ திருப்பிவிட்டால் வீணும் இல்லை.

பலர் செய்துகொள்வது நாலு இன்ச் பிவிசி குழாயைச் செங்குத்தாக நிறுத்தி அடியில் மூடி போடுவது. நல்ல யோசனைதான், ஆனால் நாலு இன்ச் குழாய் மீட்டருக்கு 8 லிட்டர்தான் பிடிக்கும். பத்தடி உயரம் வைத்தாலும் 25 லிட்டர். சின்ன ஷீட் கூரைக்குப் போதும், மாடிக்குப் போதாது. மாடிக்கு 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை இடையில் வையுங்கள். மாடிக்குழாய் முதலில் ஒரு டீ (T வடிவ) இணைப்புக்கு வர வேண்டும். டீயின் கீழ்க்கால் டிரம்முக்குள் இறங்கும்; பக்கக்கால் தொட்டிக்குப் போகும். டிரம் நிரம்பியதும் தண்ணீர் தானாகப் பக்கக்காலில் திரும்பும். கீழ்க்காலின் வாயில் குழந்தைகளின் ரப்பர் பந்து ஒன்றைக் கூண்டு கட்டி விட்டால், டிரம் நிரம்பும்போது பந்து மிதந்து வந்து வாயை அடைத்துவிடும். அழுக்கு மேலே ஏறி வராது. டிரம்மின் மூடி காற்றுப்புகாமல் இறுகியிருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள், இல்லையென்றால் தண்ணீர் மூடி வழியாக வழிந்துகொண்டே இருக்கும்.

டிரம்மின் அடியில் ஒரு சின்னக் குழாய் வைத்து, மெல்லிய தாரையாக ஒழுகும்படி லேசாகத் திறந்து விடுங்கள். ஒரு நாளுக்குள் அது காலியாகி அடுத்த மழைக்குத் தயாராக வேண்டும். காலி செய்ய மறந்தால் இந்த டிரம்மே முதலில் நாறும், அடுத்த மழையில் கொசுவோடு சேர்ந்து நிற்கும். அடைமழை நாட்களில் தினமும் விட வேண்டியதில்லை. மூன்று நாலு நாள் வெயில் அடித்துவிட்டுப் பெய்தால் மறுபடி விட வேண்டும்.

வடிகட்டி பற்றி ஒரு வார்த்தை

ஜல்லி, மணல், கரி என்று மூன்றடுக்கு வடிகட்டி கட்டி, மூடி போட்டு, மேலே பூந்தொட்டியும் வைத்துவிடுகிறார்கள். பிறகு யாரும் திறப்பதில்லை. ஒரு வருடம் கழித்துத் திறந்தால் அந்த மணலே ஊறிய சாணி மாதிரி இருக்கும். அதன் வழியாகப் போகிற நல்ல தண்ணீரும் வாடையோடுதான் இறங்கும். 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அவசர அவசரமாகக் கட்டிய குழிகள் பலவற்றின் கதியும் இதுதான். வருடம் இரண்டு முறை மணலை அள்ளி அலசிக் காயவைக்கத் தெம்பிருந்தால் கட்டுங்கள். ஆற்றுமணல் கிடைக்காமல் எம்-சாண்ட் போடுவதாக இருந்தால் பால் மாதிரி வரும் மாவு போகும் வரை முதலில் அலசுங்கள்.

வெறும் வீட்டுத் தோட்டத்துக்கு நான் சொல்வது எளிய ஏற்பாடு. மாடிக்குழாய் வாயில் ஒரு கம்பி வலைக் குமிழ், தொட்டி வாயில் நைலான் கொசுவலை இரண்டு மடிப்பு. பழைய வேட்டியையும் கட்டலாம். பஞ்சு பறக்கும் ஊர்களுக்கு வேட்டிதான் சரி. ஆனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அவிழ்த்து, உதறி, காயப்போட வேண்டும். ஈர வேட்டி இரண்டு நாள் தொங்கினால் அதன் வாடையே தொட்டிக்குள் போகும்.

தொட்டி

நிறம் முதலில். பாசிக்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சத்தை அடைத்தால் பாசி இல்லை. ஒற்றை அடுக்கு வெள்ளைத் தொட்டிக்குள் தலையை விட்டு மூடியை மூடச் சொல்லிப் பாருங்கள். உள்ளே மங்கலாக விடிந்திருந்தால் அது பாசித் தொட்டி. கறுப்பு வெளிச்சத்தை விடாது, ஆனால் வெயிலை இழுத்துக் கொதிக்கும். அதனால் கறுப்புத் தொட்டியை வீட்டின் வடக்கு அல்லது கிழக்குப் பக்கத்தில் வைத்து, மேலே தென்னங்கீற்றில் ஒரு சின்னப் பந்தல் போடுங்கள். இடம் இல்லையென்றால் வெளியே வெள்ளையடியுங்கள், அல்லது சாக்கு சுற்றிக் கட்டுங்கள்.

டிரம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஈரோடு, திருப்பூர், கரூர்ப் பக்கம் சாய, சலவைத் தொழிலுக்கு வரும் ரசாயன டிரம்கள் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக் உறிஞ்சியது போகாது. முன்பு என்ன இருந்தது என்று தெரியாத டிரம் வேண்டவே வேண்டாம். சமையல் எண்ணெய், பழச்சாறு வந்த டிரம்களைக் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் உள்ளே இறங்கும் விதம்தான் பலரும் கவனிக்காதது. மேலிருந்து தொப்பென்று கொட்டினால் அடி வண்டல் முழுக்கக் கலங்கி மேலே வரும். உள்ளே வரும் குழாயை அடி வரை இறக்கி, நுனியில் இரண்டு எல்போ (வளைவு இணைப்பு) போட்டு வாயை மேல் நோக்கித் திருப்பி விடுங்கள். தண்ணீர் ஊற்று மாதிரி அமைதியாகப் பொங்கி ஏறும்; வண்டல் கலங்காது. புதுத் தண்ணீரோடு வரும் ஆக்சிஜனும் அடிக்கே போய்ச் சேரும். எனக்கு இதற்கு ஆன செலவு இரண்டு எல்போவும் ஆறடிக் குழாயும்தான்.

செடிக்கு எடுக்கும் குழாய் அடியிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்கட்டும். அதற்குக் கீழே, ஒட்டிய அடியில், வண்டல் எடுக்க மட்டும் இன்னொரு குழாய். நிரம்பி வழியும் குழாயின் வாயிலும் கொசுவலை கட்ட வேண்டும். அது சாக்கடைக்கு அல்ல, மண்ணுக்கோ உறிஞ்சு குழிக்கோ போக வேண்டும்.

சிமென்ட் தொட்டி கட்டியிருந்தால் முதல் சில வாரம் தண்ணீரில் சுண்ணாம்புக் காரம் இறங்கும். நாற்றுக்கு ஊற்றாமல் இரண்டு முறை நிரப்பிக் கொட்டிவிடுங்கள். மாட்டுத் தொட்டிக்கு உள்ளே சுண்ணாம்பு அடிக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. பாசி பிடிக்காமல் இருக்க அது நல்ல வழி. திறந்த சிமென்ட் தொட்டிக்கும் புரட்டாசியில் ஒரு பூச்சு கொடுக்கலாம்.

மூடிய தொட்டியின் சுவரில் கையை வைத்தால் வழவழப்பாக ஒரு மெல்லிய படலம் இருக்கும். மாதா மாதம் அதைத் தேய்த்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். தண்ணீரில் மிதக்கும் அழுக்கையும் கிருமியையும் பிடித்து வைத்துக்கொள்ளும் படலம் அது. தடித்து உரிந்து விழ ஆரம்பித்தால்தான் தேய்க்க வேண்டும்.

மார்கழி முதல் பங்குனி வரை

மாதம் ஒரு முறை அடிக்குழாயைத் திறந்து, கறுப்பாக வருவது தெளியும் வரை விடுங்கள். பெரும்பாலும் ஒரு பக்கெட்டுக்குள் தெளிந்துவிடும். அந்தச் சேற்றுத் தண்ணீரை வாழைக்கு ஊற்றுங்கள், அதற்கு விருந்து.

தண்ணீரை அசைத்துக் கொடுங்கள். பழைய ஏர் கூலரின் சின்ன மோட்டார் வீட்டு மூலையில் கிடக்கும். அதைத் தொட்டிக்குள் நடு உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, வெளியே வரும் டியூபை மேலே கொண்டுவந்து தண்ணீர் தொட்டிக்குள்ளேயே தூவி விழும்படி விடுங்கள். வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம். மீன் தொட்டிக் காற்று மோட்டாரும் போதும். மோட்டாரை அடியில் வைத்தால் சேற்றைக் கடைந்துவிடும், கவனம். தொட்டிக்குள் கையை விடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

மாசியில் தொட்டி பாதியாகக் குறைந்ததும் போர்வெல் தண்ணீர் விட்டு நிரப்பத் தோன்றும். நானும் ஒரு வருடம் செய்தேன். மழைத்தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. சல்பேட் என்ற கந்தக உப்பும் மிகக் குறைவு. நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அது தாராளமாக இருக்கும். சேற்றில் இருக்கும் அந்தக் கந்தக பாக்டீரியாவுக்கு நாமே தீனி கொண்டுபோய்க் கொட்டுகிறோம். மென்மையான தண்ணீரும் போச்சு, நாற்றமும் வந்தாச்சு. கலக்க வேண்டியிருந்தால் செடிக்கு ஊற்றும் பக்கெட்டில் கலந்துகொள்ளுங்கள்.

இரண்டு தொட்டி இருந்தால் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காதீர்கள். வெயில் படும் தொட்டியை முதலில் முடித்துவிட்டு, நிழலில் இருப்பதைக் கடைசிக்கு வையுங்கள்.

கொசு

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீருக்கு மேல், ஈரச் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வெயில் காலத்தில் முட்டை பறக்கும் கொசுவாக எட்டு, பத்து நாள் போதும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. திறந்த டிரம்மின் உள்சுவரை வாரம் ஒரு முறை தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். மூடிய தொட்டிக்குக் கொசுவலைதான் காவல். திறந்த சிமென்ட் தொட்டியில் நாலு கப்பி மீன் விட்டால் புழு மிஞ்சாது. இருட்டான மூடிய தொட்டிக்குள் மீன் விடாதீர்கள், செத்து மிதந்து அதுவே நாறும். பிடிஐ என்ற பாக்டீரியா மருந்து புழுவை மட்டும் கொல்லும்; செடிக்கும் மீனுக்கும் ஒன்றும் ஆகாது.

நாற்றம் வந்தே விட்டால்

முதல் வேலை, அடிக்குழாயைத் திறந்து வண்டலை வெளியேற்றுவது. அடிக்குழாய் இல்லையென்றால் ஒரு டியூபை விட்டு, சைஃபன் முறையில் அடிச் சேற்றை உறிஞ்சி வெளியே விடுங்கள். வாயை வைத்து உறிஞ்ச வேண்டாம். டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு பக்கமும் விரலால் அடைத்து, ஒரு நுனியை அடியில் இறக்கி, மறு நுனியைத் தாழ்வாகப் பிடித்துத் திறந்தால் தானாக வரும்.

அப்புறம் மூடியைத் திறந்து, மேலே கொசுவலை போட்டு, மோட்டாரை ஒரு முழு நாள் ஓட விடுங்கள். பல தொட்டிகள் இந்த இரண்டிலேயே சரியாகிவிடும். மோட்டார் இல்லையென்றால் அன்றன்றைக்குத் தேவையான தண்ணீரை முதல் நாள் சாயங்காலமே பக்கெட்டில் பிடித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டீ ஆற்றுவது மாதிரி நாலு முறை உயர்த்தி ஊற்றித் திறந்து வையுங்கள். காலையில் வாடை இருக்காது. கூமுட்டை வாடையோடு அப்படியே சின்னத் தொட்டிச் செடியில் ஊற்றினால் வேர் மூச்சுத் திணறும்.

இதற்கும் அடங்கவில்லை என்றால்தான் பிளீச்சிங் பவுடர். ஆயிரம் லிட்டருக்கு 15 கிராம், சமையல்கட்டுத் தராசில் நிறுத்து எடுங்கள். 30 சதவீதம் குளோரின் உள்ள பவுடரில் இது லிட்டருக்கு 4, 5 மில்லிகிராம் வரும். பவுடரை நேராகக் கொட்டாமல் ஒரு பக்கெட்டில் கரைத்து, அரை மணி நேரம் தெளிய விட்டு, தெளிந்த தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்குங்கள். அடிச் சுண்ணாம்பை எறிந்துவிடலாம். இரண்டு நாள் மூடியைத் திறந்து வலை போட்டு வைத்தால் குளோரின் பறந்துவிடும். நெடி போன பிறகு செடிக்கு ஊற்றுங்கள். மீன் விட்ட தொட்டியில் இது கூடாது. பினாயில், ஆசிட் எதனோடும் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்காதீர்கள், விஷ வாயு வரும். வண்டலை எடுக்காமல் பவுடர் போடுவது காசைச் சேற்றில் போடுவதுதான். சேறே குளோரினைக் குடித்துவிடும்.

வீட்டு வைத்தியங்களைப் பற்றியும் கேட்பீர்கள். வேப்பிலை போடாதீர்கள், அழுகும் பொருள் ஒன்று கூடும், அவ்வளவுதான். முருங்கை விதைப் பொடியும் தேத்தாங்கொட்டையும் கலங்கிய தண்ணீரைத் தெளிய வைப்பது உண்மை. ஆனால் முருங்கைப் பொடியில் உள்ள சத்து தண்ணீரிலேயே நின்று இரண்டாம் நாளே வாடை கிளப்பும். ஒரு குடத்துக்குச் சரி, மாதக்கணக்கில் நிற்கும் தொட்டிக்கு ஆகாது. மண்ணெண்ணெய் ஊற்றினால் கொசு சாகும், கூடவே செடியும். மயில்துத்தம் என்ற செம்பு உப்பு பாசியைக் கொல்லும். மண்ணில் சேரும் செம்பு எளிதில் போகாது.

தரைத்தொட்டிக்குள் இறங்குவது

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். நாறும் சம்ப்புக்குள் கழுவுவதற்காக உடனே இறங்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு காற்றை விடக் கனமானது, அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது மூக்கைத் துளைக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாது. வாடை போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் மயங்கி விழுவார், தூக்கப் போகிறவரும் விழுவார். மெழுகுவத்தி கொளுத்திப் பார்ப்பது விஷ வாயுவைக் காட்டாது. அந்த வாயு தீப்பிடிக்கவும் கூடியது. சம்ப்பை மேலிருந்தே மோட்டாரால் இறைத்து, நீளக் கம்பு கட்டிய பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி இறையுங்கள். ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், காற்றுக் கருவியும் பாதுகாப்புக் கயிறும் வைத்துத் தொழிலாகச் செய்கிறவர்களைக் கூப்பிடுங்கள். சம்பளம் கொடுத்து வேலைக்கு வந்த ஆளானாலும் வெறுமனே இறங்கச் சொல்லக் கூடாது.

சித்திரையில்

பங்குனி கடைசிக்குள் தொட்டி தீர்ந்துவிடும், தீர வேண்டும். தீர்ந்ததும் பத்து லிட்டர் பக்கெட்டுக்கு ஒரு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்துச் சுவரைக் கழுவி, அரை மணி நேரம் ஊற விட்டு அலசி, அடிக்குழாயைத் திறந்தபடியே காய விடுங்கள். மாடிக்குழாய் இணைப்பைக் கழற்றி வையுங்கள். சித்திரை மழை முதலில் நாலு மாதத்துப் புழுதியைக் கழுவட்டும். மூடியைத் திறந்து போட்டுவிடாதீர்கள். கொளுத்தும் வெயிலில் தண்ணீர் தேடி வரும் அணில் உள்ளே குதித்துவிட்டால், வழுக்குகிற சுவரில் ஏறி வர அதற்கு வழி கிடையாது.